மொட்டையாக ஓர் ‘அவிய’

எங்கள் குடும்பத்தில் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. ‘அவர்’ என்பதற்கு ‘அவிய’ என்பார்கள். பால்காரரைப் பற்றிப் பேசினாலும் தபால்காரரைப் பற்றிப் பேசினாலும் அந்த மரியாதைச் சொல் வரும். ஆனால் அதற்கு முன்னால் பால்காரர் என்றோ தபால்காரர் என்றோ ஒரு சொல் இருக்கும். முன்னால் எதுவும் இல்லாமல், மொட்டையாக, ‘அவிய சாப்பிட்டாவளா’ என்று ஒரு பெண் கேட்டால் அது அவள் புருஷனைத்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எங்கள் தெருவில் பேசத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ராஜபாளையத்துக்கு மேற்கே மலை கருத்துக் கிடந்தது. மழை வருகிற மாதிரி மூன்று நாளாகப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. என் வீடும் என் தம்பி மகன் தங்கச்சாமி வீடும் ஒரே சுவரைப் பங்கு போட்டவை. பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் அந்தச் சுவர் நெஞ்சு உயரம்தான். நான் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். அந்தப் பக்கம் தங்கச்சாமியின் மனைவி பரிபூரணம், எங்களுக்குப் பூரணம், யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“அவிய இன்னைக்கிக் கஞ்சி குடிச்சாவளா? ... அம்புட்டுத்தானா? ... கை நடுக்கம் எப்படி இருக்கு? ... ரெண்டு நாளா நான் வரலன்னு கோவமாமா அவியளுக்கு? நாளைக்கு வாரேன்னு சொல்லுங்க. நார்த்தங்கா ஊறுகா கொண்டாரேன்னு சொல்லுங்க. அவிய சிரிச்சிருவாவ.”

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

தங்கச்சாமி அந்நேரம் சத்திரப்பட்டியில் தறி ஷெட்டில் இருந்தான். அவனுக்குக் கை நடுக்கம் கிடையாது. கஞ்சியும் கிடையாது. காலையில் ஏழு இட்லி தின்றுவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நான் கறிவேப்பிலை இல்லாமல் உள்ளே வந்தேன். என் மனைவி மாரியாத்தாள் தாளிசக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். கேட்டதைச் சொன்னேன்.

“இதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு?” என்றாள். “கேஸ்காரன் வந்தாலும் நான் அவியன்னுதான் சொல்லுதேன். கரண்டு ஆபீசுல இருந்து வந்தாலும் அவியதான். அவிய எல்லாரும் எம் புருசமாரா?”

“முன்னால கேஸ்காரன்னு சொல்லுதல்ல? இவ என்ன சொன்னா? மொட்டையா அவிய.”

“எண்ணெய் காயுது. கறியாப்பிலை எங்க?”

விஷயம் விளங்க வேண்டுமானால் பழையதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் தம்பி இறந்தபோது தங்கச்சாமிக்குப் பதினோரு வயது. நான் மில்லில் மேஸ்திரியாக இருந்தேன். என் வீட்டில்தான் வளர்ந்தான். கை வேலைக்காரன். பேண்டேஜ் துணி நெய்கிற தறி எது நின்றாலும் சுற்று வட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன், எங்களுக்குத் தெரிந்து, பன்னிரண்டு வருடம் குடித்தான். குடித்தான் என்று இப்போதுதான் எழுதுகிறேன். அன்றைக்கு உறவுக்காரர்கள் கேட்டால் வயிற்றுக் கோளாறு என்போம். மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். அன்றோடு விட்டான். அன்றைக்கே இரண்டு பேரையும் கூப்பிட்டு நான் சொல்லிவிட்டேன்: “முடிஞ்சது முடிஞ்சது. இனி இந்த ரெண்டு வீட்டுக்குள்ள அந்தப் பேச்சு வரக் கூடாது. நீ சொல்லவும் வேண்டாம், அவ கேக்கவும் வேண்டாம்.”

இருவரும் அப்படியே நடந்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

இரண்டு வருடம் கழித்துப் பூரணம் படிக்கப் போகிறேன் என்றாள். கல்யாணத்துக்கு முன்பே பி.ஏ. முடித்தவள். இது தபால் வழியாக இரண்டு வருடப் படிப்பு. சமுதாய மேம்பாடு பாதி, குடி, போதையிலிருந்து ஆட்களை மீட்கிறது பாதி. ஞாயிற்றுக்கிழமை மதுரையில் வகுப்பு. முதலில் ஊர்களில் வேலை, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதப் பயிற்சி. வேறு படிப்பே கிடைக்கவில்லையா என்று கேட்டேன். “இது எனக்குத் தெரிஞ்ச விஷயம் மாமா” என்றாள். அதற்கு மேல் பேசினால் நான் தடுத்த பேச்சே வந்துவிடும். விட்டுவிட்டேன்.

அப்படி ஊர் வேலைக்குப் போனபோது, வன்னியம்பட்டியில் நூறு நாள் வேலைப் பெண்களை வைத்து, கோலப்பொடியால் தரையில் ஊரை வரைந்தார்களாம். தண்ணீர்க் குழாய்க்கு நீலம், பள்ளிக்கூடத்துக்கு மஞ்சள், ஆம்பளை குடிக்கிற வீட்டுக்குச் சிவப்பு. வண்டியில் கொண்டுபோய் விட்ட தங்கச்சாமி ஓரமாக நின்றிருக்கிறான். ஒரு பொம்பளை பூரணத்திடம், “உங்க வீட்டுக்கு எந்தப் பொடி தாயி?” என்று கேட்டாளாம். “எங்க வீடு இந்த ஊர்ல இல்லையே ஆச்சி” என்றாளாம் இவள். அதைத் தங்கச்சாமி வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னான். கெட்டிக்காரி என்று நானும் நினைத்தேன்.

பயிற்சி தொடங்கிய பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு உறைக்காமல் இருந்ததுதான் தப்பு.

புதன்கிழமை காலையில் சத்திரப்பட்டிக்குப் போனேன். ஷெட்டுக்குள் தறிச் சத்தத்தில் காதில் வாய் வைத்துப் பேசினாலும் கேட்காது. தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சுத் தூசி படிந்து தங்கச்சாமி தறிக்கு அடியில் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அவன் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான்.

“ஊறுகான்னு சொன்னாளா பெரியப்பா?”

“நார்த்தங்கா ஊறுகான்னு சொன்னா.”

“நான் பாட்டிலப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பத்து நாளா குறைஞ்சிக்கிட்டே வருது. நானும் திங்கல, அவளும் திங்கல. எங்கட்டி போவுதுன்னு கேட்டா, ‘சும்மா நாலு பேருக்குக் குடுத்தேன்’னா. நாலு பேரு இல்ல, ஒருத்தன்!”

“ஏலே, மெதுவா. ஆளு இருக்கு.”

“எனக்கு நாக்கு செத்துக் கெடந்தப்ப ஊறுகாயா குடுத்தா? தட்ட நவட்டி வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவா. இப்ப எவனோ ஒருத்தன் கஞ்சி குடிச்சானான்னு போன் போட்டுக் கேக்குதா. அவன் சிரிச்சா இவளும் சிரிக்குதா.” டீயைத் தரையில் ஊற்றினான். “போற அன்னைக்கெல்லாம் சேலைய மடிப்பு எடுத்துக் கட்டுதா பெரியப்பா. நான் பாக்கலன்னு நெனைக்கா.”

அன்று சாயங்காலம் அவன் வீட்டில் உட்கார்ந்தோம். பூரணம் பயிற்சி முடிந்து வந்து முகம் கழுவியிருந்தாள். புரட்டாசி என்பதால் கறி கிடையாது. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வாசம் வந்தது. மாரியாத்தாள் கூப்பிடாமலே வந்து நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

தங்கச்சாமி நேராகக் கேட்டான். “யாரு அவிய?”

பூரணம் என்னைப் பார்த்தாள். பிறகு பின்பக்கச் சுவரைப் பார்த்தாள். எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டாள்.

“அங்க இருக்கிற ஒருத்தவிய.”

“பேரு?”

“சொல்லக் கூடாது.”

“ஏன் சொல்லக் கூடாது?”

“அங்க வந்து சேந்தவிய பேரு, ஊரு, என்ன சொன்னாவ, எதுவும் வெளிய சொல்லக் கூடாது. மொத நாளே கையெழுத்து வாங்கிட்டாவ. வீட்டுலயும் சொல்லக் கூடாது. போன்லயும் பேரச் சொல்லக் கூடாது. பொறவு எப்படிச் சொல்ல? அவியன்னுதான் சொல்ல முடியும்.”

“இந்த வீட்டுல அவியன்னா அது நான் ஒருத்தன்தான்.”

“மரியாதைக்குச் சொன்னேங்க. குடிகாரன், அவன், இவன்னு சொல்லக் கூடாதுன்னுதான் படிப்பே.”

“என்னைய நீ என்னவெல்லாம் சொன்ன? நெனச்சிப் பாரு. தெருவுக்கே கேட்டுச்சி.”

“ஏலே தங்கச்சாமி” என்றேன். அந்தப் பேச்சு வரக் கூடாது என்ற என் கட்டளையின் விளிம்பில் அவன் நின்றான். நிறுத்திக்கொண்டான். என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

பிறகு வேறு விதமாக ஆரம்பித்தான். “நாளைக்குப் போயி உன் நோட்டு, புத்தகம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வந்துரு. வெள்ளிக்கிழமை பரீட்சைக்குப் போக வேண்டாம்.”

வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்து நேரில் கேள்வி கேட்கும் பரீட்சை. அதில் உட்காராவிட்டால் இரண்டு வருடமும் வீண். தேறினால் அந்த இல்லத்திலேயே வேலை என்று சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பூரணம் அழவில்லை. அவளுக்கு நாற்பத்தொரு வயது.

“மாமா, நீங்களும் இதத்தான் சொல்லுதியளா?”

“பேர் சொல்ல முடியாத ஆளுகிட்ட நம்ம வீட்டுப் பொம்பளைக்கு என்ன வேலைன்னு நாளைக்கு ஊர் கேக்கும்” என்றேன்.

“ஊரு கேக்காது. ஊருக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து நிக்க நேரம் இல்ல” என்றாள் மாரியாத்தாள்.

வியாழக்கிழமை பூரணம் கிளம்பிப் போன அரை மணியில் தங்கச்சாமியும் கிளம்பினான். அவன் ஏதாவது ரகளை செய்து குடும்பப் பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்விடக் கூடாது என்று நானும் கூடப் போனேன். பஸ்ஸில் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தான். அவனுக்குள் அந்த ‘அவிய’ ஓர் ஆளாக உருவாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. முப்பத்தைந்து வயது, நல்ல தலைமுடி, சட்டையில் இஸ்திரி மடிப்பு, படித்த பேச்சு.

இல்லம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலைக்குப் போகிற ரோட்டில் ஒரு தென்னந்தோப்பு ஓரம். வாசலில் சமையல் வேலை பார்க்கும் கிருபாபாய் என்ற அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டார். தங்கச்சாமியைக் காட்டி, பூரணத்தின் வீட்டுக்காரர் என்றேன்.

“வாங்கய்யா, வாங்க. உக்காருங்க. அந்தா வாதாம் மரத்துக்குக் கீழ பேசிக்கிட்டு இருக்கா. அவ வந்தாத்தான் அந்தப் பெரியவரு கஞ்சியில கையே வைப்பாரு. வராத அன்னைக்கு எனக்குப் போன் போட்டுக் கேப்பா.”

அவர் அப்படிச் சுட்டிக் காட்டியது அங்குள்ள விதிக்குத் தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் நாங்கள் பார்த்துவிட்டோம். எழுபது வயதுக்குக் குறையாது. முன்பல் இல்லை. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. கால்கள் இரண்டும் வீங்கி, வேட்டியைத் தூக்கிச் செருகியிருந்தார். அவர் யார், எந்த ஊர் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதமாட்டேன். பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் கஞ்சி. ஒரு வாய் குடிப்பதும் பேசுவதுமாக இருந்தார். என்ன பேசினார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. எதிரே நாற்காலியில் பூரணம்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. “ஏலே, கெழவன்டா. வா போவோம்” என்றேன்.

தங்கச்சாமி நகரவில்லை. பூரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த பேனா எழுதவில்லை. முகத்தைச் சற்றே சாய்த்து, அந்தப் பல்லில்லாத வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தினால் அவளும் சும்மா இருந்தாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தாலும் அவள் அவசரப்படவில்லை. அப்படி ஒரு முகத்தை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

“வாலிபப் பையனா இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் பெரியப்பா” என்றான் தங்கச்சாமி. “பதினெட்டு வருசம் ஆச்சு. ஒரு நாள் என்னைய இப்படிப் பாத்ததில்ல.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆபீஸ் அறைக்குள் போனான். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். உள்ளே ஆலோசகர் பெலிக்ஸ் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர்.

“என் பேர எழுதுங்க சார்.”

“உக்காருங்க. குடிக்கிறீங்களா?”

“விட்டு நாலு வருசமாச்சு.”

“பிறகு எதுக்குப் பேர் எழுதணும்?”

“குடிச்சப்ப ஒருத்தரும் கேக்கல. இப்பக் கேளுங்க.”

பெலிக்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார். அதற்குள் பூரணம் வந்துவிட்டாள். எங்கள் இருவரையும் கண்டதும் வாசலிலேயே நின்றாள்.

“இவ கேக்கட்டும்” என்றான் தங்கச்சாமி.

“நான் கேக்க முடியாதுங்க. சொந்தக்காரவியள எடுக்கக் கூடாதுன்னு இருக்கு.”

“ஊர்ல உள்ள குடிகாரன் அம்புட்டுப் பேரும் உங்கிட்டப் பேசலாம். நான் மட்டும் பேசக் கூடாது. அப்படித்தான?”

“படிப்பு அப்படி.”

“நல்ல படிப்பு.”

“நான் கேக்கிறேன். எங்கிட்டச் சொல்லுங்க” என்றார் பெலிக்ஸ். எழுந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் மரியாதையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

வராந்தாவில் ஒரு பெஞ்ச். அந்த ஓரம் நான், இந்த ஓரம் பூரணம். தோப்பில் மட்டை விழுகிற சத்தம். கிருபாபாய் இரண்டு டம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். உள்ளே தங்கச்சாமியின் குரல் முதலில் விட்டு விட்டு வந்தது. பிறகு விடாமல் வந்தது. சொற்கள் புரியவில்லை. அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. திடீரென்று அவன் சிரிக்கிற சத்தம் கேட்டது.

பூரணத்தின் காப்பி டம்ளர் பெஞ்சில் ‘டக்’ என்று உட்கார்ந்தது.

“சிரிக்குதாரு மாமா.”

“ம்.”

“எங்கிட்டச் சாப்பாடு ரெடியா, சட்டை எங்க, இத விட்டா ஒண்ணு உண்டுமா? இந்த சார யாருன்னு தெரியும் இவருக்கு? இன்னைக்கித்தான் பாக்காரு. கல்யாணம்கூட ஆகாத மனுசன். அவர்ட்ட அப்படி என்ன சொல்லுதாரு?”

“உனக்குத் தெரிஞ்ச கதைதான இருக்கும்.”

“எனக்கு என்ன தெரியும்? வாந்தி எடுத்தது தெரியும். விழுந்து கெடந்தது தெரியும். ஏன் குடிச்சாரு, எங்க ஆரம்பிச்சாரு, ஒண்ணும் தெரியாது.” சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். “கதவுக்கு அந்தப் பக்கம் நான் இருந்திருக்கணும்.”

“நீ என்னைக்காவது கேட்டியா?”

அவள் திரும்பி என்னை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“நீங்கதான மாமா கேக்கக் கூடாதுன்னு சொன்னிய.”

நான் சுக்குக் காப்பியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அப்போதுதான் எனக்கும் ஒன்று தோன்றியது. பதினோரு வயதிலிருந்து என் தட்டுக்குப் பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிட்டவன். என்னிடமும் அவன் சொன்னதில்லை. கண்ணாடி போட்ட அந்த ஒல்லி மனிதர்மேல் எனக்கு வந்தது என்ன என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது பெயர் வைக்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பொறாமைதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தங்கச்சாமி வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. முகம் கழுவிய மாதிரி இருந்தது. திரும்புகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ பால்கோவா வாங்கிப் பூரணத்திடம் நீட்டினான்.

“எனக்கு வேண்டாம். உங்க பெலிக்ஸ் சாருக்கே குடுத்திருக்கலாம்” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பொட்டலம் ராஜபாளையம் வரை என் மடியில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை. ஏழரைக்கு எங்கள் தெரு முக்கில் மினி பஸ் வரும். அதைப் பிடித்தால்தான் புது பஸ் ஸ்டாண்டு போய், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிப் பரீட்சைக்கு நேரத்துக்குப் போக முடியும். ஏழு மணிக்கு நான் பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பூரணம் பழைய சேலையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தங்கச்சாமி வந்து நின்றான்.

“கிளம்பலயா?”

“நீங்கதான போகாதன்னிய.”

“நேத்து வரைக்கும் சொன்னேன். இப்பப் போகச் சொல்லுதேன்.”

“நான் போகல. எம் புருசன் சொல்லுதத நான் கேக்கக் கூடாதுன்னு சொல்லுத படிப்பு எனக்கு எதுக்கு?”

“ஏட்டி, கிறுக்கி. உன் படிப்பு அங்கதான கேக்கக் கூடாதுன்னு சொல்லுது. வீட்டுல கேக்கக் கூடாதுன்னா சொல்லுது?”

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

“வீட்டுல கேக்கக் கூடாதுன்னு சொன்னது மாமா.”

நான் வாயில் பற்பசை நுரையோடு அசையாமல் நின்றேன். இருவரும் சுவர்ப் பக்கம் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்துகொண்டேன்.

“நேத்து ஒண்ணரை மணி நேரம் சொன்னிய” என்றாள் பூரணம். “எனக்கு எம்புட்டு நேரம் சொல்லுவிய?”

“பஸ்ஸு போயிருமே.”

“போனாப் போகட்டும்.”

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவன் உட்கார்கிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவன் தொடங்கினான்.

“மொதத் தடவை குடிச்சப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. நம்ம பெரியப்பா...”

அந்த இடத்தில் நான் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. சுவரை விட்டுக் காலை எடுப்பது அவ்வளவு லேசாகவும் இல்லை. அந்த வாக்கியத்தின் மீதி பெலிக்ஸுக்குத் தெரியும், பூரணத்துக்குத் தெரியும். வளர்த்த எனக்கு இன்றுவரை தெரியாது.

மாரியாத்தாள் அடுப்பிலிருந்து என்னைப் பார்த்தாள். “என்ன, காது வலிக்கா?”

நான் சட்டையை மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு தெரு முக்குக்குப் போனேன். மினி பஸ் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் ஏறினார்கள். டிரைவர் கியரைப் போட்டபோது நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

“பெரியவரே, வழிய விடுங்க.”

“செத்த நேரம் நில்லுப்பா. எங்க வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் போகணும்.”

“பிள்ளை எங்க?”

“வரும்.”

“எம்புட்டு நேரமாகும்?”

“தெரியாது. வீட்டுக்காரனும் அவளும் பேசிக்கிட்டு இருக்காவ.”

பஸ்ஸுக்குள் பூக்கூடையோடு இருந்த ஒருத்தி தலையை நீட்டினாள். “புருசன் பெஞ்சாதி பேச்சுக்கா பஸ்ஸ மறிக்கீரு? அது பொங்கல் வரைக்கும் போகுமே!”

உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தான். எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்தத் தெருவில் என்னைப் பார்த்து யாரும் ஹாரன் அடித்ததில்லை. குடையைத் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி அப்படியே நின்றேன்.

“என்ன பரீட்சைங்க அப்படி?” என்றான் டிரைவர், ஹாரனை விட்டுவிட்டு.

“குடிக்கிறவியகிட்ட எப்படிப் பேசுததுன்னு ஒரு பரீட்சை. எங்க வீட்டுலயும் ஒருத்தன் குடிச்சான்.”

சிரிப்பு நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தான்.

தெரு அமைதியானது. தங்கச்சாமி வீடு முக்கிலிருந்து மூன்றாவது. திறந்திருந்த வாசல் வழியாக, முற்றம் தாண்டி, பூரணத்தின் குரல் தெளிவாக வந்தது.

“பொறவு?”

அதற்குப் பதில் சொல்லத் தங்கச்சாமியின் குரல் எழும்ப ஆரம்பித்தது. நான் கையால் பானெட்டைத் தட்டினேன்.

“எஞ்சின ஆன் பண்ணுப்பா. சத்தம் இருக்கட்டும்.”